வாடகை வீடுதானே!

“வாடகை வீடுதானே!” என்னும் பேச்சை நாம் கேளாத வாரம் இல்லை. முற்றத்திலே முழங்காலளவு புல் வளர்ந்து நிற்கிறதே என்றால் அதுதான் விடை. யன்னலுக்குத் திரையாகப் பழைய செய்தித்தாளை ஒட்டியிருக்கிறீர்களே என்றாலும் அதுதான் விடை. வந்தவரை இருத்துவதற்கு ஒரு கதிரை இல்லையே என்று தாமே நாணுகின்றவரும் அடுத்த கணத்தில் அப்பேச்சைப் பேசி நாணத்தை உதறிவிடுகிறார். சொந்த வீடென்றால் இப்படி விடுவோமா என்பது அதன் உட்பொருள். அந்தச் சொந்த வீடு எப்போது வரும், அதுவரை கழிகின்ற ஆண்டுகள் யாருடைய ஆண்டுகள் என்பதை மட்டும் ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனை எழுதுமாறு நம்மைத் தூண்டியது கிளிநொச்சியில் நாம் கண்ட ஒரு வீடு. ஆறு ஆண்டுகளாக ஒரு குடும்பம் அங்கே வாடகைக்கு இருக்கிறது. கணவர் உத்தியோகத்தர், மனைவி ஆசிரியை, பிள்ளைகள் இருவர். வெள்ளிக்கிழமை பிற்பகலானதும் கதவைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் புறப்படுவார்கள். திங்கட்கிழமை விடியற்புறத்திலே திரும்பி வருவார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் கட்டிக் கொண்டுவந்த அட்டைப் பெட்டிகளில் மூன்று இன்னும் கயிறு அவிழாமலே மூலையில் இருக்கின்றன. அவற்றுள் என்ன இருக்கிறது என்பதை அவர்களே மறந்துவிட்டார்கள். இளைய பிள்ளையிடம் ‘எங்கள் வீடு’ என்று ஒரு படம் வரைந்து வருமாறு பாடசாலையில் கூறினார்களாம். பிள்ளை யாழ்ப்பாணத்திலுள்ள அம்மம்மாவின் வீட்டை வரைந்து கொண்டுபோயிற்று. “இது அம்மம்மா வீடல்லவா? நீ இருக்கிற வீட்டை வரை” என்று தாயார் சொன்னதற்கு, “அது வாடகை வீடு” என்று பிள்ளை பதில் சொல்லிற்று. இதைத் தாயார் சிரித்துக்கொண்டே நமக்குச் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இஃது அந்த ஒரு குடும்பத்தின் குறையன்று. வன்னிப் பெருநிலத்திலே இன்று பிறர் வீட்டில் இருப்போர் தொகை சிறிதன்று. கிளிநொச்சி 1984 ஆம் ஆண்டில் தனி மாவட்டமான காலந்தொட்டுக் காரியாலயங்கள் அங்கே பெருகின. போரிலே எல்லாம் சிதறி, 2009 இன் பின்னர் மறுபடியும் எழுந்தன. 2013 செப்ரெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. பம்பைமடுவில் வளாகமாக இருந்தது 2021 ஆம் ஆண்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. ஆசிரியர், தாதியர், வங்கி உத்தியோகத்தர், மாணவர் எனப் பலரும் பெட்டியுடன் வந்து இறங்குகிறார்கள். ஆசிரியர்களிடையே ‘கஷ்டப் பிரதேச சேவை’ என்றொரு வழக்கும் உண்டு. வன்னியிலே பிறந்து வளர்ந்தவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டு என்ன நினைப்பார்களோ! ஊரையே தண்டனையாகக் கொண்டவருக்கு வீடு சிறைக்கூடமாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

நிற்க. பிறர் நிலத்தில் வீடு வைப்பது எப்படி என்பதை வன்னியிலே வாழ்ந்தவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட இலட்சக்கணக்கான மக்களுள் பெருந்தொகையினர், தென்மராட்சியிற் சிலகாலம் தரித்து, கிளாலியில் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சி நகரும் வெறுமையாயிற்று. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று காட்டோரமெங்கும் கொட்டில்கள் எழுந்தன. இரண்டு கிழமை இருப்போமா, இரண்டு வருடம் இருப்போமா என்று அறியாத மக்கள் அவர்கள். அப்படியிருந்தும் வந்த மறுநாளே புற்றுமண்ணும் சாணமும் குழைத்துத் திண்ணை இட்டார்கள். சிலர் இரண்டு கதியால்களை நட்டுப் படலை ஒன்றும் கட்டினார்கள். வேலி இல்லை, வேலிக்கு உரிய நிலமும் இல்லை. படலை மட்டும் நிற்கும்! எதற்காக என்று நாம் ஒருவரிடம் வினவினோம். “வாற சனத்துக்கு எந்தப் பக்கத்தாலை வாறதெண்டு தெரிய வேண்டாமே?” என்றார்.

வீடு என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் நமக்குத் தெரியாது. வருபவர் ஒருவர் உண்டு என்று எண்ணி இடம் வைப்பவன் வீட்டில் இருக்கிறான். அங்ஙனம் எண்ணாதவன் தங்கியிருக்கிறான்.

ஆகவே, புதிதாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பவர் முதலாவதாக வாசலில் தொடங்குக என்போம். பலர் படுக்கையறையில் தொடங்குகிறார்கள். கட்டில் வந்து, அலுமாரி வந்து, தொலைக்காட்சி வந்து, கைப்பணம் தீர்ந்தபின் விறாந்தை வெறுமையாகக் கிடக்கிறது. நாம் சொல்வது நேர்மாறான வரிசை. விறாந்தையில் ஒரு வாங்கு, அதுவும் இயலாவிடின் ஒரு பாய். நீர் தேங்கும் இடங்களில் வளரும் பன்னில் இழைத்த பாய் ஒன்று சுவரோடு சாய்த்து வைத்திருக்க வேண்டும். வந்தவர் வந்தவுடன் அதை விரித்துவிடலாம். அதன் அருகே ஒரு மண்பானையில் தண்ணீர். வன்னி வெயிலிலே மிதிவண்டி உழக்கி வந்தவனுக்கு நாம் காட்டும் முதல் உபசாரம் தண்ணீர்தான், தேநீர் இரண்டாவது. மண்பானையின் நுண்துளைகளால் நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிர்கின்றது. மணலைக் குவித்து நனைத்து அதன்மேல் பானையை வைத்தால் இன்னும் நன்று. குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். பானைத் தண்ணீரின் மணம் போத்தல் தண்ணீருக்கு வராது. ஆனால் வளவுக் கிணற்று நீர் சவரா, குடிக்கத்தக்கதா என்பதை அயலவரிடம் முதலே கேட்டறிதல் வேண்டும். அந்தக் கேள்வியோடு அயலவரின் உறவும் தொடங்கிவிடும் என்பது தனி இலாபம்.

அடுத்தது வெக்கை. தகரக் கூரையோ சீற்றுக் கூரையோ இட்ட வீட்டில் பங்குனி சித்திரை மாதங்களில் நண்பகலில் இருப்பது அடுப்புக்குள் இருப்பதை ஒக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2012 ஆம் ஆண்டு தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபா வீதம் உதவி பெற்றுச் சொந்தக் கல்வீடு கட்டியவர்களுட் சிலர், அதன் பின்னே பழைய மண்கொட்டிலையும் இடியாமற் காத்து வருகிறார்கள். உறுதி எழுதிய வீடு முன்னே நிற்க, மதிய உறக்கம் கொட்டிலிலே! சொந்தம் என்பது வேறு, இருக்க மனம் வருவது வேறு என்பதற்கு இதுவே சாட்சி. கொட்டிலின் இரகசியம் தடித்த மண்சுவரும் தாழ்ந்த ஓலைக் கூரையுந்தான். வாடகை வீட்டுக்காரர் தகரத்தின் மேல் கிடுகு பரப்பலாம். அடுப்புப் புகைபோக்கிக்கு அருகில் மட்டும் வேண்டாம். மேற்குப் பக்கச் சுவருக்கு அப்பால் நாலு தடி நட்டுப் பந்தலிட்டு, பாகலோ புடோலோ கொடித்தோடையோ ஏற்றினால் பிற்பகல் வெயில் சுவரில் விழாது. கறியும் கிடைக்கும். கொடி சுவரிலே படராமல் ஒரு முழம் தள்ளி நிற்கட்டும். இல்லையேல் வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்து முகம் சுளிப்பார், அவர் சுளிப்பதும் நியாயமே.

சுவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். சுண்ணாம்பை ஊறவைத்து வடித்துச் சிறிது நீலம் கலந்து அடித்தால் இருண்ட அறை வெளிச்சமாகும், செலவும் குறைவு. ஏற்கெனவே பெயின்ற் பூசிய சுவரில் சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்காது, உதிரும். அதை முதலிலேயே பார்த்துக் கொள்க. ஆணி அடிப்பதுதான் வாடகை வீடுகளில் மூளும் பெரும் பிணக்கு. மணல் கூடிய பூச்சில் ஓர் ஆணி அடித்தால் உள்ளங்கையளவு காரை விழுந்துவிடுகிறது. நம்முடைய அனுபவத்தில், பத்து ஆணிக்குப் பதிலாக இரண்டு ஆணி போதும். சொந்தக்காரரின் சம்மதத்துடன் சுவரின் இரு அந்தங்களிலும் அவற்றை அறைந்து ஒரு மரச் சலாகையைப் பொருத்திவிட்டால், எல்லாப் படங்களையும் அதிலே தொங்கவிடலாம். போகும்போது இரண்டு துளைகளை அடைத்துவிட்டுப் போகலாம்.

படம் என்று சொன்னவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. வன்னியிலே பல வீடுகளில் மாட்டுவதற்குப் படமே இல்லை. 2009 ஆம் ஆண்டில் நந்திக்கடலைக் கடந்து வந்தவர்கள் குழந்தையைத் தூக்கினார்கள், முதியவரைத் தூக்கினார்கள், சிலர் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையிற் சுற்றி மடியிற் கட்டினார்கள். மணப் படமும் பிள்ளையின் முதலாம் பிறந்தநாட் படமும் எங்கோ பதுங்குகுழியில் மண்ணாயின. அத்தகைய ஒரு தாயார், வெளிநாட்டிலுள்ள உறவினரின் அல்பத்தில் எஞ்சியிருந்த ஒரு கூட்டப் படத்தைக் கைத்தொலைபேசியில் பெற்று, அதில் தம் மகனின் முகத்தை மட்டும் பெருப்பித்துச் சட்டமிட்டு வைத்திருக்கிறார். முகம் மங்கித்தான் இருக்கிறது. அவர் இருப்பது வாடகை வீடு. மூன்று தடவை வீடு மாறினார். ஒவ்வொரு தடவையும் அடுப்பு மூட்டுமுன் அந்தப் படத்துக்குத்தான் முதலில் இடம் பார்த்தார். இத்தகையோரிடம் “வாடகை வீடுதானே” என்று சொல்லிப் பாருங்கள்!

இனி மரத்துக்கு வருவோம். பலர் தவறுவதும் இங்கேதான். “அடுத்தவன் காணியில் மரம் நட்டு என்ன பயன்?” என்கிறார்கள். நாம் கேட்பது இது: உங்கள் ஒப்பந்தம் எத்தனை காலத்துக்கு? ஆறு மாதத்துக்கென்றால் கீரையும் வெண்டியும் கத்தரியும் உண்டு. முளைக்கீரை மூன்று நாலு கிழமைக்குள் சட்டிக்கு வரும். ஒரு வருடத்துக்கென்றால் பப்பாசி உண்டு, வாழை உண்டு. நல்ல கன்றாக நட்டு நீர் குறையாமற் பார்த்தால் பப்பாசி எட்டுப் பத்து மாதத்திலே காய்க்கும். வாழை ஏறக்குறைய ஒரு வருடத்திற் குலை தரும். இரண்டு வருடம் என்றால் கொடித்தோடையும் கறிவேப்பிலையும் உங்கள் காலத்திலேயே பயன்படும். முருங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை: கையளவு பருத்த தடியை வெட்டி, மழைக்கு முன் நட்டால், சில மாதத்தில் இலை, ஏறக்குறைய வருடத்தில் காய். பூவுக்குச் செவ்வரத்தைத் தடியும், தண்ணீர் மறந்தாலும் சாகாத நித்தியகல்யாணியும் போதும். தென்னையும் மாவும் பலாவும் வாடகைக்காரருடைய மரங்கள் அல்ல என்பது உலக நியாயம். ஆனால் உலக நியாயத்தை மீறுபவர்களும் உண்டு.

1997 ஆம் ஆண்டில் நாம் வவுனியாவிலே பண்டாரிகுளத்தில் ஒரு வீட்டின் பாதியில் வாடகைக்கு இருந்தோம். மறுபாதியில் ஓர் ஆச்சி, மகளுடனும் பேரப்பிள்ளைகளுடனும் இருந்தார். வலிகாமத்திலிருந்து கிளிநொச்சி, கிளிநொச்சியிலிருந்து அக்கராயன், அக்கராயனிலிருந்து வவுனியா என்று வந்தவர். அந்நாளில் இடம்பெயர்ந்து வந்தோர் வவுனியாவில் தங்குவதற்குப் ‘பாஸ்’ வேண்டும் என்பதை இக்கால மாணவர்கள் அறியமாட்டார்கள். தவணை முடியுமுன் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காவிட்டாலும் அதுதான். அப்படித் தவணைக்கு இருந்த ஆச்சி, வந்த முதற் கிழமையே கிணற்றடியில் ஒரு முருங்கைத் தடியும் வேலியோரத்தில் ஒரு மாங்கன்றும் நட்டார். “ஆச்சி, உங்களுக்கு அடுத்த மாதம் பாஸ் கிடைக்குமோ தெரியாது; மா காய்க்க ஐந்தாறு வருடமாகுமே” என்றோம். “மரத்தட்டை ஆர் பாஸ் கேக்கப் போறினம், பிள்ளை?” என்றார் ஆச்சி.

வீட்டுச் சொந்தக்காரர் அதைக் கண்டு உறுமினார். மரம் வளர்ந்தால் வேர் மதிலைப் பிளக்கும், இலை பீலியை அடைக்கும் என்றார். நாமும் அவர் பக்கம் சாய்ந்து பேசினோம் என்பதை இப்போது வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். வாடகையைக் கூட்டிவிடுவாரோ என்ற பயம். ஆச்சி வாதாடவில்லை. மாங்கன்றைக் கிளப்பி மதிலிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி நட்டு, “இப்ப சரியே?” என்று கேட்டார். அவ்வளவுதான். முருங்கை அடுத்த ஆண்டு காய்த்தது. அயலில் ஏழெட்டு வீடுகள் அதில் தடி வெட்டிக் கொண்டுபோயின. மா காய்க்குமுன் ஆச்சியின் குடும்பமும் போயிற்று, நாமும் போனோம். போர் முடிந்த பின் ஒருமுறை அத்தெருவால் வரும்போது எட்டிப் பார்த்தோம். வீடு இடித்துக் கட்டப்பட்டிருந்தது. முருங்கையும் இல்லை, மாவும் இல்லை. ஆனால் எதிர் வளவில் ஒரு முருங்கை நின்றது. அது எந்த முருங்கையின் தடி என்று யார் சொல்வது?

சொந்தக்காரர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ஒருபக்க வழக்குப் பேசுதல் நமது வழக்கமன்று. வன்னியில் வாடகைக்கு விடப்படும் வீடுகளுட் பலவற்றின் சொந்தக்காரர் கடல் கடந்து இருக்கிறார். சாவி சின்னம்மாவிடம், வாடகை வங்கியில், பழுது ஒருவரிடமும் இல்லை! கூரை ஒழுகுகிறது என்று சொல்ல நள்ளிரவு வரை விழித்திருந்து தொலைபேசி எடுக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அவர் சுவிற்சர்லாந்தில் இருக்கிறார் என்று கொள்வோம். அந்நாட்டில் பத்துக் குடும்பங்களில் ஏறக்குறைய ஆறு வாடகை வீட்டிலேயே வாழ்கின்றன. நம்மவரும் பெரும்பாலும் அப்படியே. மாடிக் கட்டடத்தின் அடியிலுள்ள பொது அறையில் தமக்குக் குறித்த நாளில்தான் துணி துவைக்கலாம் என்பது அங்கே பல இடங்களிலும் உள்ள ஒழுங்கு. வீட்டை விட்டுப் போகும்போது அடுப்பின் உட்புறம் முதற்கொண்டு துடைத்துக் காட்டி ஒப்படைக்க வேண்டும். அங்கே ஆணி அடிக்க அஞ்சி வாழ்கின்றவர்தான் இங்கே ஆணி அடிக்காதே என்கிறார். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. இருபக்கமும் ஒருவரையொருவர் ஒருமுறை எண்ணிப் பார்த்தால், சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவில் பாதியை வாடகையிற் கழிப்பது போன்ற சிறிய உடன்பாடுகள் எளிதில் உண்டாகும். அத்தகைய உடன்பாட்டை வாய்ச்சொல்லாக விடாமல் ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி இருவரும் ஒப்பமிடுதல் நன்று.

அறை எடுத்துப் படிக்கும் மாணவர்கள், “எங்களுக்கு ஓர் அறைதானே, இதில் என்ன செய்வது?” என்று கேட்கக்கூடும். நால்வர் இருக்கும் அறையாயினும் ஒரு சோடிக் கோப்பை மிகையாக இருக்கட்டும். ஐந்தாவது ஆள் வரும்போது தெரியும். யன்னலடியில் பால்மா தகரத்தில் ஒரு துளசி வைக்கலாம். கிழமையில் ஒருநாள் வளவைக் கூட்டி விடுங்கள். அந்தக் காட்சியைக் கண்ட பின்னர் வீட்டுக்கார அம்மா கறி கொண்டுவந்து தராவிட்டால் நமக்கு எழுதுங்கள்.

கிளிநொச்சிக் குடும்பத்திடம் இவற்றை எல்லாம் நாம் உபதேசிக்கவில்லை. ஒருவர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு உபதேசம் செய்வது மரியாதையன்று. அந்த மூன்று பெட்டிகளை மட்டும் அவிழ்த்துப் பார்ப்போமே என்று பிள்ளைகளிடம் சொன்னோம். இரண்டில் பழைய பாடக் குறிப்புகள். மூன்றாவதில் தாயாரின் கலியாணத்துக்குக் கிடைத்த குத்துவிளக்கு ஒன்று, துணியிற் சுற்றி, ஆறு ஆண்டுப் பச்சையம் பிடித்துக் கிடந்தது. பழப்புளி போட்டு மினுக்குகிறேன் என்று மூத்த பிள்ளை கிணற்றடிக்கு எடுத்துக்கொண்டு ஓடிற்று. அதுவரைதான் நமக்குத் தெரியும்.

தண்ணீரூற்றில் நாம் அறிந்த ஓர் ஆசிரியை, நாலு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, ஒரு தை மாதத்தில் இடமாற்றம் பெற்றுப் போனார். அடுத்து வரும் குடும்பத்தை அவர் கண்டதில்லை. சாவியோடு நாலாக மடித்த தாள் ஒன்றையும் சின்னம்மாவிடம் கொடுத்துச் சென்றார். அதில் இப்படி எழுதியிருந்தது: ‘குசினி யன்னலின் கீழ்க் கொளுக்கி இறுகும், சற்றுத் தூக்கித் திறக்கவும். கிணற்றுக் கயிறு புதியது. மேற்கு மூலைக் கதலிக் குலை பங்குனியில் முற்றும். அணில் வரும், சாக்கினாற் கட்டி விடவும். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு ஒரு சீப்புக் கொடுக்கவும், வழமை.’